ஆளுக்கொரு ராஜா

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம் தெலுங்கில் வரும். கூட்டல் கழித்தல் கன்னடத்தில் வரும். சாமி கும்பிடுவது மட்டும் தமிழில். உங்கள் சொந்த பாஷை எதும்மா என்று கேட்டால், "மாட்டக் கேளு, அதுக்குத் தெர்யும்" என்று தொழுவத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். மாட்டோடு அவர் மூன்றையும் கலந்துதான் பேசுவார் என்பதால் அங்கே போயும் பிரயோஜனம் இல்லை.

ஓசூருக்கு வெளியே பாகலூர் சாலையில் அவருக்கு ஒரு ரோஜாத் தோட்டமும், அதன் முன்னால் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளும் இருந்தன. எல்லாம் சிமெண்ட் ஷீட் போட்டவை. கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள்தான் குடியிருந்தோம். தோட்டத்துக்குப் பின்னால் ஏரி. ஏரிக்கரைக்குக் கீழே ஒரு புங்கமரமும் அதனடியில் இடுப்பளவுக்கு ஒரு கல்லும். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணமான கையோடு அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு அங்கே போய் இறங்கினோம்.

வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர்கள் சுற்றி வளைத்து என்ன கேட்பார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். எந்தத் தெருவில் உங்கள் வீடு, என்ன கோயிலுக்குப் போவீர்கள், கறி சமைப்பீர்களா என்று தொடங்கி, கேட்க வேண்டியதைக் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள். நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"உங்க ஊர்ல எந்த ராஜா?"

என் வீட்டுக்காரர், எங்க ஊர்ல ராஜா எல்லாம் கிடையாது, பஞ்சாயத்துத் தலைவர்தான் என்றார். அவருக்கு எதிலும் கேலி. நான்தான் பள்ளிக்கூட ஞாபகத்தில் பாண்டியராஜா என்றேன். அதில் யார், என்ன செய்தார் என்று அந்த அம்மா விடாமல் கேட்டார். சுந்தர பாண்டியன் என்று ஒருத்தர், சீரங்கத்துக்கும் சிதம்பரத்துக்கும் பொன் வேய்ந்தவர், வடக்கே நெல்லூர் வரைக்கும் படையோடு போனவர் என்று பரீட்சைக்குப் படித்ததை ஒப்பித்தேன். அந்த அம்மா அவ்வளவையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "போற வழியில இங்க வந்திருப்பான்" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். மாதம் பிறந்து வாடகை கேட்பதில் மட்டும் எந்த ராஜாவுக்கும் தயவு காட்டமாட்டார்.

அப்போது அவருக்கு ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான உடம்பு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. ரோஜா பறித்துப் பறித்துக் கை எல்லாம் முள் கீறல். பிறந்த ஊர் குருபரப்பள்ளி. கட்டிக்கொடுத்த ஊர் இது. இந்த இரண்டு ஊரையும் விட்டால் ஆஸ்பத்திரிக்காகக் கிருஷ்ணகிரி, பூ மண்டிக்காகப் பெங்களூர். அவ்வளவுதான் அவர் பார்த்த உலகம். எழுதப் படிக்கத் தெரியாது. பஸ்ஸுக்கே நிறம் பார்த்துத்தான் ஏறுவார்.

எனக்கோ ஓசூர் பிடிக்கவே இல்லை. ஆடியில் அந்தக் குளிரும் சாரலும், துணி காயாத வீடும், கடையில் கால் கிலோ பருப்பு கேட்டால் மூன்று பாஷையில் திருப்பிக் கேட்கிற கடைக்காரரும். என் வீட்டுக்காரர் காலை ஷிஃப்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டும் அழுதேன். அப்படி ஒரு நாள் பிடிபட்டேன்.

பார்த்துவிட்டவர் வீட்டுக்காரம்மாதான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்தின் வழியாகப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப் போனார். அந்தக் கல்லை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். ஒரு ஆள் நிற்கிறான். ஒரு கையில் வில், ஒரு கையில் குத்துவாள். கொண்டையை ஒருபக்கமாகச் சரித்து முடிந்திருக்கிறான். நெஞ்சில் அம்புகள் தைத்திருக்கின்றன. காலடியில் சின்னச் சின்னதாக மாடுகள். மேலே மூலையில் இரண்டு தேவலோகப் பெண்கள் அவனை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். காலுக்குக் கீழே வரிவரியாக எழுத்து, பழங்காலத்தது, எனக்குப் படிக்க வரவில்லை. பால் ஊற்றி, எண்ணெய் பூசி, கல் கறுத்துப் பளபளவென்று இருந்தது. வேடியப்பன் என்று அந்தப் பக்கத்தில் கும்பிடுவார்கள்.

"இவன் யாருன்னு தெர்யுமா கண்ணு? உங்க பாண்டியராஜாவோட ஆளு. படையோட வந்தவன். உங்க ஊர்ப் பக்கத்தான்தான். பஸ்ஸா, ரயிலா? நடந்தே வந்தான். திரும்பிப் போவல. இங்கியே சாமியா நின்னுட்டான். நீ சீட்டுல உக்காந்துகினு வந்துட்டு அழுவற."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பொய்யோ நிஜமோ, அந்த ஊரில் எனக்கு ஒரு மனுஷன் கிடைத்துவிட்டான். அந்தக் கொண்டையும் முகவெட்டும் எங்கள் பெரியப்பா மாதிரியே இருப்பதாகக்கூடத் தோன்றியது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சொம்புத் தண்ணீரும், அந்த அம்மா கழித்துப் போடுகிற ரோஜாவில் நல்லதாக இரண்டும் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தேன். ஊருக்கு எழுதும்போது, இங்கேயும் நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று எழுதினேன்.

அதற்கப்புறம் பாண்டியராஜா எங்கள் வீட்டு விஷயத்தில் எல்லாம் தலையிட்டார். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளாடிக்கொண்டு வந்த அன்று, "பாண்டியராஜா ஊட்டுப் புள்ள, பாத்து வா, சாக்கடை இருக்குது" என்று வீட்டுக்காரம்மா வாசலில் நின்றே சொல்வார். குழாயைத் திறந்து போட்டுவிட்டு நான் உள்ளே போனால், ராஜாக்கள் ஏரி வெட்டிவிட்டுப் போவார்களாம், நாங்கள் திறந்துவிட்டுப் போவோமாம். என் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பினபோது, ராஜா மாதிரி ஒரு பையன் பிறக்கட்டும் என்று நான் ஆசையாகச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார். "ராஜா எதுக்கு? ஓயாம சண்டைக்குப் போவான். பொட்டப் புள்ள பொறக்கட்டும், வூட்டாண்ட இருக்கும்." பெண்தான் பிறந்தது. அதற்கு இப்போது வீட்டில் கால் தரிப்பதில்லை என்பது வேறு கதை.

ராஜாவின் குட்டு வெளிப்பட்டது தண்ணீர்க் குழாயில்தான். லைன் வீடுகளுக்கு எல்லாம் பொதுவாக ஒரே போர் குழாய். நான், மண்டியாவிலிருந்து வந்த சவிதா, குப்பம் என்கிற ஊரிலிருந்து வந்த தெலுங்குக்காரி ரமணம்மா மூன்று பேரும் குடத்தோடு காத்திருந்தோம். சவிதாவின் வீட்டுக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே கம்பெனி. சவிதா என்னைவிடச் சின்னவள், கைக்குழந்தைக்காரி, எதற்கும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் பேசுவாள். அன்று வெள்ளிக்கிழமை. நான் ரோஜாவோடு நிற்பதைப் பார்த்து, எங்கள் ராஜாவின் ஆளுக்கு நீ ஏன் பூ வைக்கிறாய் என்று தன்னுடைய அரைத் தமிழில் சந்தோஷமாகக் கேட்டாள். உங்கள் ராஜாவா என்றேன். பல்லாள ராஜா, கன்னட தேசத்தை ஆண்டவர் என்றாள். வீட்டுக்காரம்மா சொன்னாராம். இவள் குழந்தையோடு தனியாக அழுதுகொண்டிருந்த ஒரு நாள், கல்லண்டை கூட்டிப்போய், இவன் பல்லாளராஜாவின் குதிரைக்குப் புல் அறுத்தவன், உங்கள் பக்கத்துப் பையன் என்று சொன்னாராம். ரமணம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவளிடம் கிருஷ்ணதேவராயர் என்று சொல்லியிருந்தார்.

மூவரும் குடத்தை அப்படியே போட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போய் மறித்துக்கொண்டோம். பால் கறந்துகொண்டிருந்தவர் எழுந்திருக்கக்கூட இல்லை. எது நிஜம் என்று கேட்டோம். கறந்துகொண்டே என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஒரு ஆளு மூணு ராஜாகிட்ட வேல பாக்கக் கூடாதா? உன் ஊட்டுக்காரன் இதுக்குள்ள எத்தினி கம்பெனி மாறிட்டான்?"

 என் வீட்டுக்காரர் அந்த வருஷம் மூன்றாவது கம்பெனியில் இருந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. சுந்தர பாண்டியனை அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சாவி வாங்கிய அன்று நான் கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்து, அழுத அன்று எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். சவிதாவிடமும் ரமணம்மாவிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர்களிடமும் முதல் கேள்வி அதுவேதான்.

தெரிந்த பிறகும் நாங்கள் மூவரும் பூ வைப்பதை நிறுத்தவில்லை. சவிதா காலையில், நான் வெள்ளிக்கிழமையில், ரமணம்மா அமாவாசையில். தன்னுடைய ராஜாதான் நிஜம், மற்றவர்களுக்கு அந்த அம்மா சும்மா சொல்லியிருக்கிறார் என்று ஒவ்வொருத்தியும் மனதுக்குள் வைத்துக்கொண்டோம். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

ஆண்கள் வாயில் விஷயம் போய் விழுந்ததுதான் வினை. என் வீட்டுக்காரர் கம்பெனி கேன்டீனில், எங்கள் ஓனர் தோட்டத்தில் பாண்டியர் கல்லே இருக்கிறது என்று அளந்திருக்கிறார். சவிதாவின் வீட்டுக்காரர் தன் சிநேகிதர்களிடம் பல்லாளராஜா கல் என்று சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிறு சாயங்காலம் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் சில பையன்கள் வந்தார்கள். கல்லுக்கு மாலை போட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் பார்த்து வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் காவிரியில் தண்ணீர் விடுவதில் தகராறு முற்றியது. பஸ்கள் எல்லை தாண்டாமல் நின்றன. லாரிகள் வழியெல்லாம் வரிசை கட்டின. பெங்களூரில் கல் எறிந்தார்கள் என்று ஒரு பேச்சு, இங்கே எறியப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு. சவிதா குழாயடியில் வாயே திறப்பதில்லை. திறந்தால் கன்னடம் வந்துவிடும் என்ற பயம். அவள் வீட்டுக்காரர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கதவைத் தாளிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் நான்கு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் சாலையில் டயர் கடை வைத்திருப்பவர், ஏதோ சங்கத்துக்குத் தலைவர். கூட வந்த மூன்று பேரும் அக்கம்பக்கத்து ஊர்ப் பையன்கள். வீட்டுக்காரம்மா வாசலில் ரோஜா கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நார் கிழித்துக்கொண்டிருந்தேன். டயர் கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் நிலத்தில் இருப்பது நம் ராஜாவின் கல். அதை வேறு ஆட்கள் வந்து உரிமை கொண்டாடிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குக் கைகாட்டிவிட்டவன் உங்கள் வீட்டிலேயே குடியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் வந்து கொடி நட்டு போர்டு வைக்கப் போகிறோம். அதற்குள் அவனைக் காலி பண்ணச் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னால் நன்றாக இருக்காது. இவ்வளவுதான் அவர் சொன்னது. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது சிரித்தார். 

வீட்டுக்காரம்மா எல்லாருக்கும் மோர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வேடியப்பனுக்குக் கெடா வெட்டுகிறோம், வேண்டுதல் ஒன்று இருக்கிறது, நீங்களும் கட்டாயம் வரவேண்டும் என்றார். அப்படி ஒரு வேண்டுதல் இருந்ததாக அதுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்திருக்கும்.

அவர்கள் போன பிறகு கட்டிய ரோஜாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். சவிதாவின் வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்து, நாங்கள் நாளைக்கே போய்விடுகிறோம், எங்களால் உங்களுக்குத் தொல்லை வேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னார். பின்னால் சவிதா குழந்தையோடு நின்றாள். மூட்டையைக்கூடக் கட்டிவிட்டாள். பஸ் இல்லை, எல்லை வரை நடந்துதான் போக வேண்டும். வீட்டுக்காரம்மா தெலுங்கில் ஆரம்பித்தார். தெலுங்கு என்றால் கோபம். தான் வாடகைக்கு விட்ட வீட்டைக் காலி பண்ணச் சொல்ல ஊரில் ஒருத்தனுக்கும் உரிமை இல்லை என்பதுதான் அதன் சாராம்சம்.

மறுநாள் காலையில் பக்கத்து லேஅவுட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஊத்தங்கரைக் கொத்தனார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு மூட்டை சிமெண்ட், ஜல்லி, மணல். கல்லைச் சுற்றி மேடை கட்டச் சொன்னார். கொத்தனார் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த உயரத்துக்குக் கட்டினால் எழுத்து எல்லாம் உள்ளே போய்விடுமே என்றார்.

"போவட்டும்."

சவிதா ஓடி வந்து குறுக்கே நின்றாள். அம்மா, பேடா, பேடா என்றாள். வேண்டாமாம். அதில்தானே எங்கள் ராஜாவின் பேர் இருக்கிறது, அதையும் மூடிவிட்டால் இந்த ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று அழுதாள். நானும் அவள் பக்கத்தில் போய் நின்றேன். என் சுந்தர பாண்டியனும் அதற்குள்தானே இருந்தான். வீட்டுக்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அன்றுதான் அவர் எங்களிடம் உள்ளதைச் சொன்னார்.

"அதுல யாரு பேரு இருக்குதுன்னு எனக்கு எப்பிடித் தெர்யும்? எனக்குப் படிக்கத் தெர்யாது. நீ அழுத, சொன்னன். இவ அழுதா, சொன்னன். வேற என்னாத்தக் குடுக்கறது?"

கொத்தனார் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவே சட்டியை வாங்கி முதல் கலவையைக் கொட்டினார். வரிவரியாக எழுத்து மறைந்தது, அப்புறம் மாடுகள் மறைந்தன, அவன் பாதமும் மறைந்தது. முழங்காலோடு நிறுத்தச் சொன்னார். மேலே மஞ்சளும் குங்குமமும் அப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொடியோடு இருபது முப்பது பேர் வந்தார்கள். சிமெண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. வீட்டுக்காரம்மா ஈரச்சேலையோடு பொங்கல் பானை முன்னால் நின்றிருந்தார். டயர் கடைக்காரருக்குக் கல்லைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. எழுத்து எங்கே என்றார்.

"இருந்துச்சு. இப்ப இல்ல. இவன் எந்த ராஜா ஆளும் கெடையாது சாமி. மாட்டு மந்தையக் காப்பாத்தப் போயி செத்தவன். எங்க ஊட்டுக்காரரு வம்சத்துக்குச் சாமி. நீங்க யாருக்கு போர்டு வெக்கறீங்க?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கெடா விழுந்துவிட்டது. அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. வேடியப்பனுக்குச் சமைத்த கறியில் ஒரு துண்டுகூட வரப்பைத் தாண்டி வீட்டுக்குப் போகக் கூடாது. அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். பூசை நேரத்தில் வந்து நின்றவன் சாப்பிடாமல் போனால் அவன் வீட்டு மாடு கன்று போடாது. அக்கம்பக்கத்து ஊர்ப் பையன்கள் எல்லாருக்கும் இது பால்குடியிலேயே தெரியும். எல்லார் வீட்டிலும் மாடு இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கொடியை மரத்தில் சாத்திவிட்டு, ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

களியும் கறியும் பரிமாறச் சவிதாவைக் கூப்பிட்டார் வீட்டுக்காரம்மா. எனக்குத் திக்கென்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் என்ன செய்வேன், இடுப்புக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு இலையாகப் போனாள். மூன்றாவது இலையில் ஒரு பையன் குழம்பு போதும் என்று கையை மறித்தான். அவளுக்குப் பழக்கதோஷம். வீட்டில் சொல்வது போலவே, "சாக்கா? இன்னு ஸ்வல்ப ஹாக்தினி" என்றுவிட்டாள். போதுமா, இன்னும் கொஞ்சம் போடுகிறேன் என்று அர்த்தம். சொன்னதும் தானே வாயை மூடிக்கொண்டாள். பந்தி முழுவதும் நின்றுபோனது. அந்தப் பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் அம்மாவும் வீட்டில் அதைத்தான் சொல்லுவாளோ என்னவோ, மறித்த கையை எடுத்துக்கொண்டான். ஊற்றினாள். மற்றவர்களும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

டயர் கடைக்காரர் மட்டும் சாப்பிடவில்லை. அவருக்கு மாடு இல்லை. கொடியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்விட்டார். மற்றவர்கள் கை கழுவிவிட்டுப் போனார்கள். ஒருவன் போகும்போது குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினான். அந்தப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. சவிதா மூட்டையைப் பிரித்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மழைக்காலம் கழிந்து கிருஷ்ணகிரிக் கல்லூரியிலிருந்து ஒரு ஆசிரியர் வந்தார். கேன்டீன் பேச்சு எப்படியோ அவர் காதுவரை போயிருக்கிறது. தாளும் மையும் பிரஷ்ஷும் கொண்டுவந்திருந்தார், கல்லில் இருப்பதைப் படி எடுக்க. மேடையைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன காரியம் பண்ணிவிட்டீர்கள் அம்மா என்றார். திட்டவில்லை, அழுகிற குரலில் கேட்டார். வீட்டுக்காரம்மா பயந்துபோய், அதில் என்னதான் எழுதியிருக்கும் என்று கேட்டார். பார்க்காமல் எப்படிச் சொல்வது, பொதுவாக முதலில் ராஜாவின் பேர் வரும், அவர் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருஷம் என்பது வரும், அப்புறம் செத்த ஆளின் பேரும் அவன் அப்பன் பேரும் ஊரும் வரும் என்றார் அவர். இடித்து எடுக்க முடியாதா என்று கேட்டார் அந்த அம்மா. இடித்தால் எழுத்தும் சிமெண்டோடு பெயர்ந்துகொண்டு வந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்று பூரா அந்த அம்மா தோட்டத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"ராஜா பேரு போனா போவுது கண்ணு. அந்தப் பேருக்கு ஊரெல்லாம் கல்லு இருக்குது. இவன் பேரு அந்த ஒரு எடத்துலதான இருந்திருக்கும்? அதையும் சேத்துப் பூசிட்டனே."

 சவிதாவின் குழந்தை அவர் மடியில் ஏறி மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. இதற்காகத்தானே அம்மா செய்தீர்கள் என்றேன். ஆமாம் என்றார். ஆனாலும் முகம் தெளியவில்லை.

அதன் பிறகு நாங்கள் அங்கே இருந்த வரைக்கும் அவர் யாருக்கும் ராஜா கொடுக்கவில்லை. புதிதாகக் குடி வந்தவர்களிடம் அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. மற்ற வீட்டுக்காரர்களைப் போல, எந்தக் கம்பெனி, எத்தனை பேர் என்று கேட்டு நிறுத்திக்கொண்டார். கல்லைப் பற்றி யாராவது விசாரித்தால் தெரியாது என்பார். அந்த 'தெர்யாது' எனக்குப் பிடிக்கவே இல்லை. அந்த அம்மாவின் வாயில் அது பொருந்தவில்லை. சவிதாவுக்கும் அவரோடு வெகுநாள் மனஸ்தாபம் இருந்தது, பொய் சொல்லிவிட்டார் என்று. வேலை மாற்றலாகி அவர்கள் காலி பண்ணிக்கொண்டு போனபோதுதான் தீர்ந்தது. வேன் கிளம்புகிற நேரத்தில் இறங்கி ஓடினாள். முதலில் கல்லைக் கும்பிட்டாள், அப்புறம் அந்த அம்மாவின் காலைத் தொட்டாள். வேறு என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது இருவர் மூக்கும் சிவந்திருந்தது.

நாங்களும் பிறகு கோயம்புத்தூருக்குப் போய்விட்டோம். என் வீட்டுக்காரர் நான்காவது கம்பெனி. பொங்கலுக்குப் பொங்கல் போனில் பேசுவதோடு சரி. அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில் ஒருநாள் ரமணம்மா போன் பண்ணி, அம்மா தவறிவிட்டார் என்றாள். செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள் காரியமே முடிந்திருந்தது. இருந்தாலும் மனது கேட்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

ஏரியில் பாதி லேஅவுட்டாகியிருந்தது. தோட்டத்தில் ரோஜா இல்லை. லைன் வீடுகள் மட்டும் அப்படியே, ஆனால் கொடியில் காய்கிற துணியும் கேட்கிற பாட்டும் வேறு. எல்லாம் ஒரிசா, பீகார் பக்கமிருந்து வந்த குடும்பங்களாம். வீட்டுக்காரம்மாவின் மகனிடம் துக்கம் விசாரித்துவிட்டு, படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, புங்கமரத்தடிக்குப் போனேன். ரோஜா இரண்டு வாங்கித்தான் போயிருந்தேன். இதற்கு முன்னால் அங்கே நான் காசு கொடுத்துப் பூ வாங்கினதில்லை.

ஒரு பெண் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நெற்றி வகிடு நிறையச் செந்தூரம். இருபது வயதுக்கு மேல் இருக்காது. நான் பூ வைத்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி எனக்கு விவரம் சொல்ல ஆரம்பித்தாள்.

"இவரு எங்க ஊரு, அக்கா. எங்க ஒரிசா கஜபதி ராஜா ஆளு. ரொம்ப தூரம் நடந்து வந்தாரு. அம்மா சொன்னாங்க. பேரு கூட பைகுந்தோ."

பேர் எப்படித் தெரியும் என்றேன். அம்மாவே சொன்னார்களாம். என்ன அதிசயம் பாருங்கள், அவளுடைய அண்ணன் பேரும் அதுதானாம். அவன் ஊரிலேயே அப்பாவோடு இருக்கிறானாம், பார்த்து இரண்டு வருஷமாகிறதாம்.

நான் மேடையைப் பார்த்தேன். சிமெண்டில் பாசி பிடித்திருந்தது. முழங்காலுக்குக் கீழே அவன் பேரோடு என் சுந்தர பாண்டியனும் சவிதாவின் பல்லாளனும் கிடந்தார்கள், அல்லது ஒருத்தருமே இல்லை. இந்தப் பெண்ணிடம் அந்த அம்மா கேள்வியை மறுபடியும் கேட்டிருக்கிறார். இந்தத் தடவை ராஜாவோடு நிற்காமல் வீட்டில் யார் யார், பேர் என்ன என்றும் கேட்டு வைத்திருக்கிறார். 

"நீ வந்த புதுசுல ரொம்ப அழுதியோ?" என்று கேட்டேன்.

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், அக்கா?"